திருகாணி வழியே வரும் மழை

பிரிட்டனில் பழைய கேரவன் வாங்கப் போகிறவர், கதவைத் திறந்ததும் முதலில் மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். மக்கல் வாடை அடித்தாலோ, வாசனை ஸ்பிரே அளவுக்கு மீறிக் கமகமத்தாலோ உஷாராகிவிடுவது நல்லது. சினிமா நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவன் இல்லை இது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற குட்டி வீடு. 1885-இல் டாக்டர் கார்டன் ஸ்டேபிள்ஸ் பிரிஸ்டலில் செய்வித்து, குதிரை பூட்டி ஊர் சுற்றிய ‘வாண்டரர்’தான் இந்த வம்சத்தின் மூத்தது. அது மஹோகனியில் இழைத்தது. கார் இழுக்கிற காலம் வந்ததும் எடையைக் குறைக்க வேண்டியதாயிற்று. சுவர் மெலிந்தது.

அந்தச் சுவரில் வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே 3 மி.மீ. பிளைவுட், நடுவே தெர்மாகோல். தாங்கி நிற்பவை மர ரீப்பர்கள். கூரையும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் நீளவாக்கில் ஓர் அலுமினியப் பட்டை ஓடும். அடியில் மாஸ்டிக் அப்பி, வரிசையாகத் திருகாணி முடுக்கி, மேலே பிளாஸ்டிக் பட்டி செருகியிருப்பார்கள். வண்டி குலுங்கிக் குலுங்கி, வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கி, சில வருஷங்களில் மாஸ்டிக் காய்ந்து வெடித்துவிடும். அப்புறம் ஒவ்வொரு திருகாணியும் மழையை நேரே மரத்துக்குள் இறக்கிவிடும்.

உள்ளே வந்த நீர் சொட்டுவதில்லை. சொட்டினாலாவது கண்ணில் படும்! ரீப்பரில் ஊறி, தெர்மாகோல் ஓரமாக வழிந்து, கூரையருகே புகுந்தது கட்டிலுக்கு அடியில் தலைகாட்டும். பிளைவுட் மேல் ஒட்டிய வினைல் தாள் அதையும் மறைத்துவிடும். அதனால்தான் இரட்டை ஊசி ஈரமானி தேவைப்படுகிறது. 15 சதவீதம் வரை கவலையில்லை. 20-ஐத் தாண்டினால் தேடிப் பார்க்க வேண்டும். 30-ஐத் தாண்டினால் மரம் இற்றுப்போகத் தொடங்கியிருக்கலாம்.

குளிர்காலக் காலையில் ஜன்னலெல்லாம் வியர்த்திருந்தால் அது கசிவு இல்லை. மூச்சும் கேஸ் அடுப்பும் விட்ட ஆவி. குளிருக்குப் பயந்து காற்றுத் துளைகளைத் துணி வைத்து அடைப்பவர்கள் உண்டு. ஓதம் கிடக்கட்டும், காற்றோட்டமில்லாமல் கேஸ் எரிந்தால் உயிருக்கே ஆபத்து.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கப் பட்டறைகளில் ஓர் அழகான வழி வைத்திருக்கிறார்கள். எல்லாத் துளைகளையும் அடைத்து, ஊதுவிசிறியால் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி, வெளியே சோப்புத் தண்ணீர் தெளிப்பார்கள். குமிழி கிளம்பும் இடம்தான் குற்றவாளி.

பலர் அங்கே சிலிக்கானைப் பிதுக்கிப் பூசிவிட்டு வேலை முடிந்ததென்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஒழுகலைவிட மோசமான காரியம் இது. மேலே அடைத்த பூச்சு, உள்ளே நின்ற ஈரத்தைக் காயவிடாது. பிறகு முறையாகச் செய்ய வருபவருக்கு, சிலிக்கான் படிந்த இடத்தில் புது மாஸ்டிக் ஒட்டாது.

பட்டையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பிளாஸ்டிக் பட்டியை உருவினால் திருகாணிகள் தெரியும். சிலவற்றின் தலை மட்டும் கையில் வந்துவிடும். சில நடுவில் துரு தின்று ஊசியாக மெலிந்து வரும், கூடவே கறுத்த மரத்தூளும் ஈரமாக வரும். அந்த இடத்தில் உட்பக்கப் பிளைவுட்டைப் பிரித்து, இற்ற ரீப்பரை நல்ல மரம் தட்டுப்படும் வரை வெட்டியெடுத்து, மிச்சத்தை நன்றாகக் காயவிட வேண்டும். இங்கே அவசரப்படுகிறவர்கள் ஈரத்தை உள்ளே வைத்து மூடிவிடுகிறார்கள். காய்ந்தபின் மருந்தேற்றிய புது ரீப்பர், பழைய மாஸ்டிக்கைச் சுரண்டித் துடைத்த பட்டை, இறுகிப்போகாத வகை பியூட்டில் மாஸ்டிக், துருப்பிடிக்காத ஸ்டீல் திருகாணி. முடுக்கும்போது ஓரமெல்லாம் மாஸ்டிக் பிதுங்க வேண்டும். பிதுங்காத இடத்தில் இடைவெளி இருக்கிறது.

நடக்கையில் பொதபொதக்கும் தரை வேறு நோய். தரையின் பிளைவுட், அதன் நடுவே ஒட்டியிருக்கும் நுரைப்பலகையிலிருந்து விட்டுப்போயிருக்கும். துளையிட்டு ரெசின் செலுத்திச் சரிசெய்வார்கள்.

ஸ்விஃப்ட் போன்ற கேரவன் நிறுவனங்கள் சட்டத்தில் மரத்தையே கைவிட்டு பாலியூரித்தேனுக்கு மாறியிருக்கின்றன. இருந்தாலும் ஜன்னலும் விளக்கும் கைப்பிடியும் பொருத்த அந்த வண்டிகளிலும் துளை போட்டாக வேண்டும்; மழைக்கு அதுவும் வழிதான். நீர்க்கசிவுக்கான வாரண்டி பல வருஷங்களுக்குக் கிடைக்கிறது. ஆனால் ஆண்டுதோறும் ஈரமானி வைத்துப் பரிசோதித்த சர்வீஸ் பதிவு இருந்தால்தான் செல்லும். விற்பவர் அந்தப் புத்தகத்தைக் காட்டத் தயங்கினால், ஈரமானியோடு ஒருவரை அழைத்துப் போகாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.