காரின் வண்ணப்பூச்சைப் பேணுதல்: கழுவும் முறையும் மெழுகிடும் முறையும்

மங்காஃப் கடற்கரையை ஒட்டிய பகுதி. அடுக்குமாடிக் குடியிருப்புகளைச் சுற்றியுள்ள கார்களுள் பல, கூரையற்ற திறந்தவெளியிலேயே ஆண்டு முழுவதும் நிறுத்தப்படுகின்றன. கடும் வெயிலும் புழுதியும் கடற்காற்றின் உப்பீரமும் அவற்றின் வண்ணப்பூச்சை நாள்தோறும் தாக்குகின்றன. தாயகம் திரும்பும் வேளையில் காரை விற்பவருக்கு மங்கிய வண்ணம் பண இழப்பையே தரும். எனினும், பூச்சில் காணும் நுண்கீறல்களுள் பல, நாம் துடைக்கும்போது விழுபவையே.

காரின் நிறத்திற்கு மேலே ஒளி புகும் நிறமற்ற பூச்சு ஒன்று உண்டு. பளபளப்பைத் தருவதும் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுவே. அதன் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் வரை. ஏறத்தாழ ஒரு தலைமுடியின் பருமன். அது தேய்ந்து போனபின் மெழுகால் ஈடுசெய்ய இயலாது. மீண்டும் வண்ணம் அடிப்பதே வழி.

பாலைப் புழுதியில் குவார்ட்ஸ் துகள்கள் கலந்துள்ளன. அவை கண்ணாடியையே கீற வல்லவை. புழுதி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைப்பது, உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். ஜூன், ஜூலை மாதங்களில் ஷமால் காற்று வீசி ஓய்ந்தபின் முதலில் நீர் ஊற்றிப் புழுதியை வழியவிட வேண்டும். அதன் பின்னரே துணி படலாம்.

மாதக் கட்டணத்திற்குக் கார் துடைக்கும் தொழிலாளர், ஒரே வாளி நீரில் பல கார்களைத் துடைக்க நேரிடுகிறது. ஒரு காரின் மணல் அந்நீரில் தங்கி அடுத்த காரைக் கீறுகிறது. இதனை அவருடைய குற்றமாகக் கருதலாகாது. அவருக்குக் கிடைக்கும் நீரும் நேரமும் அவ்வளவே. பணியைப் பிறரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு உரிமையாளரையே சாரும். தம் காருக்கென இரண்டு வாளிகளும் சில மைக்ரோஃபைபர் துணிகளும் வாங்கித் தருவது நலம். ஒரு வாளியில் ஷாம்பு கலந்த நீர். மற்றொன்றில் துணியை அலசுவதற்கான நீர்.

பாத்திரம் துலக்கும் திரவத்தைப் பயன்படுத்தற்க. அது மெழுகையும் நீக்கிவிடும். தோட்டத்திற்கு வரும் உவர் நீரில் கழுவினால் வெண்ணிற உப்புக்கறை படியும். பறவை எச்சத்தைக் கண்டவுடன் ஈரத்துணியால் ஊறவைத்து அகற்றுக. வெயிலில் காய்ந்தால் அது பூச்சை அரித்துத் தழும்பாக்கும்.

மெழுகு என்பது பூச்சுக்கு முன்னின்று தான் தேயும் காப்புப் படலம். பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைக்கும் கார்னௌபா மெழுகு பெயர் பெற்றது. செயற்கை மெழுகு அதனினும் நீண்ட நாள் நிற்கும். குவைத்தின் மித்ரிபா நிலையத்தில் 2016 ஜூலை 21 அன்று 53.9 பாகை செல்சியஸ் பதிவானது. இத்தகைய வெப்பத்தில் எம்மெழுகும் விரைந்து தேயும். கழுவும்போது நீர் முத்துமுத்தாகத் திரளாமல் பரவி நின்றால், மீண்டும் மெழுகிடும் காலம் வந்தது என அறிக.

மெழுகிடும் முறை:

1. மாலைக்குப் பின், நிழலில், தகடு கைக்குக் குளிர்ந்திருக்கும்போது தொடங்குக.
2. காரை நன்கு கழுவி, ஈரமின்றி ஒற்றி எடுக்குக.
3. பஞ்சுத் தட்டையில் சிறிதளவே எடுத்து, ஒவ்வொரு பகுதியாக மெல்லியதாகப் பூசுக. மிகுதியாகப் பூசுவதால் பயனில்லை.
4. வெண்மையாக மங்கியதும் தூய துணியால் துடைத்தெடுக்குக.
5. கண்ணாடியிலும், கறுப்பு ரப்பர், பிளாஸ்டிக் பகுதிகளிலும் படாமல் காக்க. பளபளப்பற்ற மேட் வண்ணக் கார்களுக்கு மெழுகு ஆகாது.

கோடை விடுமுறைக்கு ஊர் செல்வோர், புறப்படுமுன் காரைக் கழுவி மெழுகிட்டு நிறுத்துக. புழுதியின் மேல் உறை போர்த்தினால் காற்றில் அவ்வுறையே உரசிக் கீறும். இன்னொன்றையும் நினைவிற் கொள்க: புழுதி மூடி நெடுநாள் அசையாது நிற்கும் வாகனம், கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம். அத்தகைய வாகனங்களில் நகராட்சி எச்சரிக்கைச் சீட்டு ஒட்டும். அதன் பின்னும் அகற்றாவிடில் இழுத்துச் செல்லும். ஆதலின் நம்பகமான நண்பரிடம் சாவியை அளித்து, இரு வாரங்களுக்கு ஒருமுறை காரைக் கழுவி, சற்று இடம் மாற்றி நிறுத்தச் சொல்லிச் செல்க.