ரயில் ரத்தானால் காரில் செல்லலாமா? பாலக்காடு, இடுக்கி செல்வோர் போட வேண்டிய கணக்கு

ஓணம், ஆயுத பூஜை, தீபாவளி எனத் தொடர் விடுமுறைகள் நெருங்கும்போது கேரள எல்லையை நோக்கிச் செல்லும் ரயில்களில் இடம் கிடைப்பது அரிதாகிவிடுகிறது. முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்ட பின்னரும் காத்திருப்போர் பட்டியல் நீண்டே இருக்கிறது. இந்நிலையில் மழையாலோ தண்டவாளப் பணியாலோ ரயில் ரத்தாகும் என்ற செய்தி வந்தால், காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றே பலருக்கும் தோன்றும். அப்படிக் கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்குகள் சில உள்ளன. பெட்ரோல் செலவு அவற்றுள் மிகச் சிறியது.

முதலில் நில அமைப்பைக் கருத வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளியே பாலக்காட்டுக் கணவாய். கோவையிலிருந்து வாளையார் வழியாகச் செல்லும் ரயில் பாதையும், சேலம்–கொச்சி தேசிய நெடுஞ்சாலை 544-உம் இந்த ஒரே வாசலில்தான் நுழைகின்றன. ஆதலால் ரயிலை நிறுத்தும் பெருமழை சாலையை மட்டும் விட்டுவைப்பதில்லை. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் இதைக் கண்கூடாகக் கண்டோம். ஓணத்துக்குச் சில நாட்களே இருந்த நேரத்தில் ரயில்கள் நின்றன; குதிரான் பகுதியில் மண் சரிந்து பாலக்காடு–திருச்சூர் சாலையும் அடைபட்டது; கொச்சி விமான நிலையமோ ஆகஸ்ட் 29 வரை திறக்கப்படவில்லை. குதிரானில் இன்று இரட்டைச் சுரங்கப்பாதை இருக்கிறது. 2021 ஜூலையில் ஒன்றும் 2022 ஜனவரியில் மற்றொன்றும் திறக்கப்பட்ட பின்னர் அந்த மலையேற்றத்தின் தொல்லை பெருமளவு தீர்ந்துவிட்டது.

ஆயினும் தொல்லை இடம் மாறியிருக்கிறது என்றே சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறும் சேர்ந்துகொண்டன. அதே நெடுஞ்சாலையில் திருச்சூருக்குத் தெற்கே முரிங்கூர் அருகில், மேம்பாட்டுப் பணிகளுக்கு நடுவே ஒரு லாரி கவிழ, வாகனங்கள் பல மணி நேரம் அசையாமல் நின்றன. பாலியேக்கரா சுங்கச்சாவடியில் கட்டணம் வசூலிக்கக் கேரள உயர்நீதிமன்றம் அம்மாதத் தொடக்கத்திலேயே தடை விதித்திருந்தது. அதை எதிர்த்த மேல்முறையீடு உச்சநீதிமன்றத்துக்கு வந்தபோது, 65 கிலோமீட்டரைக் கடக்க 12 மணி நேரம் ஆகுமெனில் 150 ரூபாய் எதற்காகத் தர வேண்டும் என்று நீதிபதிகள் வினவினர். மேல்முறையீடு தள்ளுபடியானது. அக்டோபரில் வசூல் மீண்டும் தொடங்கியது.

இடுக்கியின் நிலை வேறு. அம்மாவட்டத்தில் ரயில் பாதையே இல்லை. ஒரு காலத்தில் இருந்தது என்பது பலரும் அறியாத செய்தி: மூணாற்றுத் தேயிலையைச் சுமந்த குண்டளை பள்ளத்தாக்கு ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தது, மீண்டும் அமைக்கப்படவில்லை. ஏலக்காய் நகரான போடிநாயக்கனூருக்கும் மதுரைக்கும் இடையிலான பாதை அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் மூடப்பட்டு, 2023 ஜூன் 15 அன்றுதான் முழுமையாக மீண்டது. போடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்திலோ ஜீப்பிலோ போடிமெட்டு ஏறுவது இப்போது இயலும். சொந்தக் காரில் இரவு முழுதும் ஓட்டிவந்து, விடியற்காலைக் களைப்புடன் கொண்டை ஊசி வளைவுகளைச் சந்திப்பதைவிட இது மேலானது என்பது நம் கருத்து. தேவிகுளம் அருகேயுள்ள கேப் ரோடு மழைக்காலங்களில் நிலச்சரிவால் பலமுறை மூடப்பட்டிருக்கிறது என்பதையும் காரில் செல்வோர் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி டிக்கெட் பணம். ரயில் ரத்தாகும் என்ற வதந்தியைக் கேட்டவுடனேயே டிக்கெட்டைத் தாமே ரத்து செய்துவிடுவோர் பலர். உறுதியான டிக்கெட்டை நாமே ரத்து செய்தால் அதற்கான கட்டணம் பிடிக்கப்படும். ரயில்வே நிர்வாகம் ரயிலை முழுவதுமாக ரத்து செய்தாலோ, இணையவழி டிக்கெட்டின் முழுத்தொகையும் பணம் செலுத்திய கணக்கிற்கே தானாகத் திரும்பும். எனவே அறிவிப்பு வரும்வரை பொறுத்திருப்பதே லாபம். ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நாம் பயணம் செய்யாவிட்டாலும் முழுத்தொகை பெறலாம். ஆனால் அது தானாக வராது. அந்த ரயில் புறப்படுவதற்கு முன்பே டிடிஆர் பதிவு செய்தாக வேண்டும். ஐயமிருப்பின் 139 என்ற எண்ணை அழைக்கலாம். தேடுபொறியில் கிடைக்கும் ஏதோ ஓர் "உதவி எண்"ணை அழைத்துப் பணத்தை இழந்தோர் உண்டு. பணம் திரும்பி வருவதற்கு ஓடிபியோ யுபிஐ ரகசிய எண்ணோ எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

சாலைச் செலவு எளிய கணக்கே. சென்னையிலிருந்து பாலக்காடு ஏறத்தாழ 550 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார், லிட்டர் 100 ரூபாய் எனக் கொண்டால், ஒருவழிக்கு 3,700 ரூபாய் அளவில் எரிபொருள் கேட்கும். சுங்கக் கட்டணம் தனி. நால்வராகச் சென்றால் இதை ஏற்கலாம். ஒருவரோ இருவரோ செல்வதற்கு இது வீண்செலவு. ஃபாஸ்டேக் கணக்கில் இருப்பு தீர்ந்து அது செயலிழந்திருந்தால் கூடுதல் கட்டணம் செலுத்த நேரிடும். 2025 நவம்பர் 15 முதல் யுபிஐ வழியாகச் செலுத்தினால் ஒன்றேகால் மடங்கு.

காப்பீட்டைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. இணையவழி ரயில் டிக்கெட்டுடன் ஒரு ரூபாய்க்கும் குறைவான தொகையில், விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீட்டைத் தேர்ந்தெடுக்க முடியும். காரில் ஏறியதும் அந்தப் பாதுகாப்பு நீங்கிவிடுகிறது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே உள்ள சொந்தக் கார் விபத்துக்குள்ளானால், உள்ளே அமர்ந்திருந்த குடும்பத்தினருக்கு அந்த பாலிசி இழப்பீடு தராது. முழுமையான காப்பீடு இருந்தால்தான் உடன் பயணிப்போருக்கும் பொறுப்பேற்கப்படும். உரிமையாளர் தாமே ஓட்டும்போது அவருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு நடப்பில் உள்ளதா என்பதையும் பாலிசியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசி நேரத்தில் தெரிந்தவரின் காரை வாடகைக்குப் பேசி எடுப்பது இதனினும் ஆபத்தானது. சொந்தப் பயன்பாட்டுக்கெனப் பதிவான கார் வாடகைக்கு ஓடியது தெரியவந்தால், காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை மறுக்க இடமுண்டு. எண் பலகையே இதைக் காட்டிவிடும்: வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து சொந்தக் கார், மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து ஓட்டுநருடன் வரும் வாடகைக் கார், கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து நாமே ஓட்டிச்செல்ல வாடகைக்கு விடப்படும் கார்.