வல்வையின் காற்று

இலங்கையின் வடக்கே, நாங்கள் வல்வை என்றழைக்கும் வல்வெட்டித்துறைக் கரையில் இன்று வரிசையாகக் கிடப்பவை பைபர் படகுகள். பாய்மரம் என்று ஒன்றைக்கூடக் காண முடியாது. இதே மணலில்தான் எங்கள் முன்னோர் கப்பல் கட்டினார்கள். வேப்பமரத்தை அறுத்துப் பலகை கோத்து, இடுக்கெல்லாம் பஞ்சுத்திரி அடைத்துக் கலப்பற்றி, பாய் விரித்துக் கடலில் இறக்கினார்கள். அவை ரங்கூன் போய் அரிசியோடு திரும்பின.

அவற்றில் ஒன்று அன்னபூரணி. இரண்டு பாய்மரங்கள் கொண்ட கப்பல். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார். வல்வைத் தண்டையல் (கப்பல் தலைவர்) ஒருவரும் ஊர் மாலுமிகளும் செலுத்திப் போக, 1938 ஆகஸ்டில் அது மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. சிறுவயதில் இதைக் கேட்டபோது கதை என்றே நினைத்தேன். நடந்ததுதான் என்று பின்னாளில் அறிந்தபோது உடம்பு சிலிர்த்தது.

1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அரிசி வழி அடைபட்டது. சுதந்திரத்துக்குப் பின் வந்த சுங்க, குடிவரவுச் சட்டங்கள் பாக் நீரிணைப் போக்குவரத்தையும் நெரித்தன. பிறகு போர். 1989 ஆகஸ்டில் இந்திய அமைதிப்படையின் கையில் ஊரவர் 60 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். மீன்பிடிக்கவே கடற்படையின் அனுமதி வேண்டியிருந்த காலமும் இருந்தது.

கப்பல் போனாலும் காற்றின் பெயர்கள் போகவில்லை. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று தண்டையல்மார் எண்ணிய காற்றுகளை இன்று பட்டம் விடுகிறவர்கள் எண்ணுகிறார்கள். தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டிக்கு வடக்கெங்கிருந்தும் சனம் திரளும். போன முறை ஒரு முதியவர் பேரனின் பட்டத்துக்கு முச்சை கட்டிக்கொண்டிருந்தார். மூன்று நூல்களையும் விரலில் தொங்கவிட்டுப் பட்டம் சாயும் பக்கம் பார்த்தார். ஒரு நூலை நெல்லளவு இழுத்து மீண்டும் முடிந்தார். "முச்சை பிழைச்சா குத்திப்போடும், தம்பி. பாயும் இப்பிடித்தான்" என்றார் என்னிடம். பேரன் காற்றில் கூவும் விண்ணைப் பட்டத்தில் பூட்டினான். மூங்கில் வில்லில் இழுத்துக் கட்டியிருந்தது பார்சல் நாடா.

பட்டத்தை இரவிலும் இறக்கவில்லை. கரையில் நூலைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். விடியும்வரை வாடையில் விண் கூவிக்கொண்டே இருந்தது.