ஓடும் கப்பல், தாங்கும் கப்பல்

எஃகும் அலையும் – 11

சேலையூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர், தாமே வடிவமைத்த போர்க்கப்பலின் படத்தை அனுப்பியிருக்கிறார். கட்டம் போட்ட தாளில் பென்சில் வரைவு. கீழே விவரம்: எடை 30,000 டன், வேகம் 33 நாட் (மணிக்கு 33 கடல் மைல்), பக்கவாட்டுக் கவசம் 12 அங்குலம், 15 அங்குலப் பீரங்கிகள் எட்டு. கூடவே ஒரு கேள்வி: “இதை ஏன் யாரும் கட்டவில்லை, சார்?”

ஏறக்குறைய கட்டினார்கள். பிரிட்டனின் ‘ஹூட்’ கப்பலில் அதே எட்டுப் பீரங்கிகளும் அதே 12 அங்குலக் கவசமும் இருந்தன. ஆனால் எடை 41,000 டன்னைத் தாண்டியது; வேகம் 31 நாட்தான். 30,000 டன்னுக்குள் அடங்கியது அதற்கு முந்தைய ‘ரினவுன்’. 32 நாட் ஓடும். பீரங்கி ஆறு, கவசமும் ஆறே அங்குலம். தம்பி கேட்பது ரினவுனின் எடையில் ஹூட்டை.

பேட்டில்குரூசர் என்ற இந்த வகையைப் பிடிவாதமாகப் பெற்றெடுத்தவர் பிரிட்டிஷ் அட்மிரல் ஃபிஷர். தன்னைவிட வலியவனிடமிருந்து விலகி ஓட வேண்டும், எளியவனை விரட்டிப் பிடிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அவர் காலத்தில் பிறந்த இரண்டு கப்பல்களை அருகருகே வைத்தால் அந்தக் கணக்கின் செலவு தெரியும். ‘டிரெட்நாட்’: சுமார் 18,000 டன், 21 நாட், 11 அங்குலக் கவசம், 23,000 குதிரைத்திறன். ‘இன்வின்சிபிள்’: சுமார் 17,000 டன், 25 நாட், 6 அங்குலம், 41,000 குதிரைத்திறன். நான்கே நாட் கூடியதற்குக் கொதிகலன்கள் 18லிருந்து 31 ஆயின.

காரணம், கப்பலுக்குத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. 25ஐ 21ஆல் வகுத்து மும்மடி எடுத்துப் பாருங்கள், 1.69 வரும். அதை 23,000ஆல் பெருக்கினால் 38,800. நிஜக் கப்பலுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தேவைப்பட்டது.

கூடுதலுக்குக் காரணம் அலை. ஓடும் கப்பல் தானே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை நீள்கிறது. அலையின் நீளம் கப்பலின் நீளத்தை எட்டும்போது, தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏறப் பார்க்கும் நிலைக்குக் கப்பல் வந்துவிடும். 173 மீட்டர் நீளமுள்ள இன்வின்சிபிளுக்கு அந்த எல்லை சுமார் 32 நாட். 250 மீட்டர் கப்பலுக்குச் சுமார் 38. வேகக் கப்பல்கள் ஒல்லியாகவும் நீளமாகவும் இருப்பது இதனால்தான். இதைச் சிறிய மாதிரிகளை வைத்தே அளக்கலாம் என்று 1870களில் காட்டியவர் வில்லியம் ஃப்ரூட். நம் ஐஐடி மெட்ராஸின் பெருங்கடல் பொறியியல் துறையில் உள்ள இழுவைத் தொட்டியும் அவர் விதியில்தான் இயங்குகிறது. மாதிரி நூறில் ஒரு பங்கு என்றால் வேகம் பத்தில் ஒரு பங்கு. தம்பியின் கப்பல் 250 மீட்டர் என்று கொண்டால், இரண்டரை மீட்டர் மாதிரியை நொடிக்கு 1.7 மீட்டர் வேகத்தில் இழுத்தால் போதும். தாம்பரம் நடைமேடையில் பீச் லோக்கலைப் பிடிக்க விறுவிறுவென்று நடப்பவரின் வேகம் அது.

இனிக் கவசம். ஓர் அங்குல எஃகுத் தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. நடுப்பகுதியில் 150 மீட்டர் நீளம், 5 மீட்டர் உயரம், இரண்டு பக்கம்: மொத்தம் 1,500 சதுர மீட்டர். அதாவது அங்குலத்துக்கு 300 டன். ஆறு அங்குலத்தைப் பன்னிரண்டாக்க 1,800 டன் தேவை.

அந்த 1,800 டன்னை எங்கே பிடிப்பது? ரினவுனின் இயந்திரங்கள் 32 நாட்டுக்காக 1,12,000 குதிரைத்திறன் தந்தன. 28 நாட் போதும் என்று இறங்கினால் அதே மும்மடி விதிப்படி 75,000 போதும். அக்கால இயந்திரங்களில் டன்னுக்கு 20 குதிரைத்திறன் கிடைத்தாலே பெரிது. 37,000 குறைந்தால் 1,850 டன் மிச்சம். ஆக, நான்கு நாட்டைக் கொடுத்து ஆறு அங்குலத்தை வாங்கலாம். தாள் கணக்குதான், ஆனாலும் இந்த மாற்று விகிதத்தை எந்த வடிவமைப்பாளராலும் பெரிதாக ஏமாற்ற முடிந்ததில்லை.

தம்பியின் படத்தில் இல்லாத ஒன்று, தளத்தின் கவசம். 150 மீட்டர் நீளம், 28 மீட்டர் அகலம் என்றால் 4,200 சதுர மீட்டர். அங்குலத்துக்கு 840 டன்! பக்கத்துக்கு அள்ளிக் கொடுத்தவர்கள் தளத்துக்குக் கிள்ளிக் கொடுத்தது இதனால்தான். ஆனால் தொலைவிலிருந்து வரும் குண்டு உயரத்திலிருந்து சாய்வாகத் தளத்தின்மீதே விழுகிறது. 1941 மே 24 அன்று ஜெர்மானியப் போர்க்கப்பல் பிஸ்மார்க்குடன் மோதிய ஹூட் சில நிமிடங்களில் வெடித்துச் சிதறியது. கப்பலில் இருந்த 1,418 பேரில் பிழைத்தவர்கள் மூவர். எந்தக் குண்டு எந்த வழியாக நுழைந்தது என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

ஃபிஷரின் கணக்கு பலித்த நாளும் உண்டு. அதில் சென்னைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு நம் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய எம்டன், ஜெர்மானிய அட்மிரல் ஸ்பே என்பவரின் படையிலிருந்து பிரிந்து வந்த கப்பல். எம்டனை நவம்பரில் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ முடித்தது. ஸ்பேயின் படையைத் தேடிப் போனவை இன்வின்சிபிளும் இன்ஃப்ளெக்சிபிளும். டிசம்பர் 8 அன்று ஃபாக்லாந்து தீவருகே, எந்தத் தொலைவில் நின்று சுடுவது என்பதைத் தாங்களே தீர்மானித்து, அந்தப் படையின் ஷார்ன்ஹார்ஸ்ட், க்னைசனாவ் இரண்டையும் மூழ்கடித்தன. எளியவனை விரட்டிப் பிடிக்கும் வேலை. அதற்கு ஆறு அங்குலம் தாராளம்.

ஒன்றரை ஆண்டு கழித்து, 1916 மே 31 அன்று, ஜட்லாந்து கடற்போரில் அதே இன்வின்சிபிளைத் தன் அளவு பீரங்கி கொண்ட கப்பல்களுக்கு எதிரே நிறுத்தினார்கள். 1,026 பேரைப் பலிகொண்டு வெடித்தது. பிழைத்தவர்கள் ஆறு பேர். அன்று பிரிட்டனின் மற்ற பேட்டில்குரூசர்களான இண்டிஃபாட்டிகபிளும் குவீன் மேரியும்கூட அப்படியே போயின.

மெல்லிய கவசமே காரணம் என்று பாடப்புத்தகங்கள் முடித்துவிடும். எனக்கு அது போதவில்லை. குவீன் மேரிக்கு 9 அங்குலக் கவசம். ‘லயன்’ கப்பலுக்கும் அதே 9 அங்குலம், அதே நாள், அதே எதிரி. லயனின் பீரங்கி மேடையில் குண்டு விழுந்தபோது, உயிர் போகும் நிலையிலும் அங்கிருந்த மேஜர் ஹார்வி வெடிமருந்து அறையில் தண்ணீரை நிரப்ப உத்தரவிட்டார், கப்பல் தப்பியது. வேகமாகச் சுட வேண்டும் என்ற ஆசையில் மருந்துப் பொதிகளைக் குவித்தும் அறைக் கதவுகளைத் திறந்தும் வைத்திருந்தது பிரிட்டிஷ் வழக்கம். ஜெர்மானியர்கள் 1915 ஜனவரியில் ‘சைட்லிட்ஸ்’ கப்பலில் தீப்பிடித்து 159 பேரைப் பறிகொடுத்து, அதிலிருந்து பாடம் படித்திருந்தார்கள். அதே சைட்லிட்ஸ் ஜட்லாந்தில் ஆயிரக்கணக்கான டன் தண்ணீரைக் குடித்தும் துறைமுகம் சேர்ந்தது. கதவைச் சாத்தி வைப்பதற்கு எடை ஒரு கிலோகூட ஆகாது.

பிறகு விமானம் வந்து இந்தப் பேரத்தையே குலைத்தது. ரினவுனின் இரட்டை ‘ரிபல்ஸ்’, பின்னாளில் 9 அங்குலக் கவசம் ஏற்றப்பட்டும், 1941 டிசம்பர் 10 அன்று மலாயாவின் குவாந்தான் கரைக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களின் டார்பிடோக்களுக்கு இரையானது. இன்று நம் ஊர்ப் பெயர் தாங்கிய ஐஎன்எஸ் சென்னை 30 நாட்டுக்கு மேல் ஓடுகிறது. தடித்த கவசப் பட்டை கிடையாது. வருவதை வானிலேயே அடிக்கப் பராக் ஏவுகணைகளை வைத்திருக்கிறது.

தம்பிக்கு என் திருத்தம் இது: 28 நாட், ஆறு பீரங்கி, பக்கவாட்டில் 10 அங்குலம். மிஞ்சும் எடை முழுவதையும் வெடிமருந்து அறைகளுக்கு மேலே உள்ள தளத்தில் மட்டும் போடுங்கள். படத்தின் ஓரத்தில், இந்தக் கப்பல் எந்தெந்தக் கப்பலைக் கண்டால் ஓட வேண்டும் என்று ஒரு பட்டியலும் எழுதி அனுப்புங்கள். அது இல்லாமல் கவசத்தின் கனத்தை என்னால் சரிபார்க்க முடியாது.

(அடுத்த இதழில்: 1944இல் ரினவுன் திரிகோணமலைக்கு வந்த கதை)