வினைக்கு அருகில் நிற்கும் பன்மை

ஆங்கிலத்தைப் பல ஆண்டுகள் முறையாகப் பயின்று, அந்தப் பாஷையிலேயே கடிதங்களும் அறிக்கைகளும் நாள்தோறும் எழுதி வருகிறவர்கள்கூட, ஒருமை எழுவாய்க்கு ஒருமை வினையும் பன்மை எழுவாய்க்குப் பன்மை வினையும் வரவேண்டும் என்னும் ஆரம்பப் பாடத்தில் அவ்வப்போது தடுமாறுவதைப் பார்க்கிறோம். அறிவிப்புப் பலகையில் 'தி லிஸ்ட் ஆஃப் கேண்டிடேட்ஸ் ஆர் கிவன் பிலோ' என்று எழுதியிருக்கும். பட்டியல் ஒன்றுதான், ஆகவே 'ஆர்' வரவேண்டிய இடமல்ல அது, 'இஸ்' வரவேண்டிய இடம். எழுதியவருக்கு விதி நன்றாகத் தெரியும்; ஆயினும் 'கேண்டிடேட்ஸ்' என்ற பன்மைச்சொல் வினையின் பக்கத்தில் வந்து நின்றுவிட்டபடியால், எழுதும் கை அதன் பக்கம் சாய்ந்துவிட்டது. இந்தச் சாய்வின் காரணத்தைச் சற்று விஸ்தாரமாகவே ஆராயலாம். இரண்டு பாஷைகளின் ஸ்வபாவமும் இதில் வெளிப்படுகிறது.

'ஆஃப்', 'இன்', 'ஆன்', 'வித்', 'ஃப்ரம்' முதலிய முன்னிடைச்சொற்கள், தமிழில் வேற்றுமை உருபுகள் செய்கிற காரியத்தை ஆங்கிலத்தில் செய்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் ஈறே மாறி வேற்றுமைப் பொருளைக் காட்டிவந்தது. அந்த ஈறுகள் நாளடைவில் தேய்ந்து மறையவே, பெயருக்கு முன்னே நிற்கும் இச்சிறு சொற்களின்மேல் பெரும்பாரம் வந்து விழுந்தது. இவற்றில் ஒன்றுக்குப் பின்னால் வரும் பெயர் அந்த இடைச்சொல்லின் ஆட்சிக்கு உட்பட்டது. வாக்கியத்தின் எழுவாயாக அது ஆவதில்லை. இதற்குப் பிரத்தியட்சமான சாட்சி 'நாம்', 'அவர்கள்' போன்ற மூவிடப் பெயர்களில் இருக்கிறது. 'ஒன் ஆஃப் அஸ்' என்று சொல்வார்களேயன்றி 'ஒன் ஆஃப் வீ' என்று சொல்லமாட்டார்கள். எழுவாயாக நிற்கும்போது 'வீ'. 'ஆஃப்' என்பதற்குப் பின்னால் வரும்போது 'அஸ்'. மற்றப் பெயர்களெல்லாம் இந்த உருவ வேறுபாட்டை இழந்துவிட்டமையால், 'கேண்டிடேட்ஸ்' என்பது எழுவாய்போலவே முகங்காட்டி நம்மை மயக்குகிறது.

இனி, ஒரு நீண்ட வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 'தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் இன் தி ஷாப்ஸ் ஆஃப் தி வில்லேஜஸ் நியர் தி ஹில்ஸ் இஸ் குட்.' பழங்கள், கடைகள், கிராமங்கள், குன்றுகள் என நான்கு பன்மைகள் வரிசையாக வந்து, கடைசியில் 'ஹில்ஸ்' என்பது 'இஸ்' என்பதை உரசிக்கொண்டு நிற்கிறது; உண்மையான எழுவாயாகிய 'குவாலிட்டி'யோ வாக்கியத்தின் தொடக்கத்திலேயே நின்றுபோய்விட்டது. இதையே தமிழில் சொன்னால், 'குன்றுகளுக்கு அருகிலுள்ள கிராமங்களின் கடைகளில் இருக்கும் மாம்பழங்களின் தரம் நன்றாக இருக்கிறது' என்று வரும். வரிசை முழுவதும் தலைகீழாக மாறி, முதலில் இருந்த தரம் கடைசியில் வந்து வினையைத் தொட்டுக்கொண்டு நிற்பதைக் கவனியுங்கள். தமிழில் பரிவாரங்களெல்லாம் முன்னே நடக்க, அரசன் பின்னே வருகிறான். ஆங்கிலத்தில் அரசன் முன்னே போய்விட, பரிவாரம் பின்தொடர்கிறது. தமிழில் பெயருக்கு அடையாக வருவனவெல்லாம் பெயருக்கு முன்னரே வந்து தீர்ந்துவிடுவதால், எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் அந்த அடைகள் புகுந்து குழப்புவதற்கு இடமே ஏற்படுவதில்லை.

ஆகவே ஆங்கில வாக்கியம் ஒன்றில் சந்தேகம் எழுந்தால், அதை மனத்துக்குள் தமிழாக்கிப் பார்ப்பது மிகச் சிறந்த பரிசோதனை என்பது என் திடமான அபிப்பிராயம். 'ஆங்கிலத்திலேயே சிந்தியுங்கள், தமிழை மறந்துவிடுங்கள்' என்று உபதேசிக்கிற ஆசிரியர்கள், கைவசம் இருக்கும் நல்ல கருவியொன்றை மாணவரிடமிருந்து பிடுங்கிவிடுகிறார்கள்.

ஆனால் தமிழின் வேறொரு பழக்கம் நமக்கு இடையூறாகவும் வந்து அமைகிறது. அஃறிணைப் பெயர்களில் ஒருமை பன்மை வேற்றுமையை நாம் பேச்சில் அவ்வளவாகப் பாராட்டுவதில்லை. 'பத்து மாம்பழம் வாங்கினேன்' என்றால் போதும், 'கள்' அவசியமில்லை. 'மாடு வந்தது', 'மாடு வந்தன' என்ற இரண்டுக்கும் பெயர் ஒன்றாகவே நிற்பதைக் கண்டு, பால்பகா அஃறிணைப் பெயர் என்று இலக்கண ஆசிரியர்கள் தனி வகையே வகுத்தார்கள். பேச்சிலோ ஒரு மாடானாலும் பல மாடுகளானாலும் 'வந்துச்சு' என்பதே வழக்கு. இத்தகைய பழக்கத்தில் வளர்ந்த செவி, உயிரற்ற பொருள்களின் எண்ணிக்கையைக் கணந்தோறும் கவனித்து வினையை மாற்றும் ஆங்கில நியதிக்கு எளிதில் பணிவதில்லை. நல்லவேளையாக, இந்த நிர்ப்பந்தம் எல்லாக் காலங்களிலும் இல்லை. நிகழ்காலத்திலும், 'வாஸ்', 'வேர்' என்ற இரண்டிலுமே அது தலைகாட்டும். 'கேம்', 'வென்ட்', 'வில்', 'கேன்' என்று வருமிடங்களில் எண்ணைப்பற்றிய கவலையே வேண்டாம்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இவ்விஷயத்தில் தவறாதவர்களல்லர். கேத்ரின் பாக், கேரல் மில்லர் என்ற இருவர் 1991-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வாக்கியத்தின் முற்பகுதியை மட்டும் ஒருவருக்குக் கேட்கச்செய்து, எஞ்சியதை அவரையே சொல்லி முடிக்கவைத்தார்கள். எழுவாய் ஒருமையாகவும் இடையில் வரும் பெயர் பன்மையாகவும் இருந்தபோது பிழைகள் அதிகமாக நேர்ந்தன. எழுவாய் பன்மையாக இருந்து இடைப்பெயர் ஒருமையாக வந்தபோது பிழை அரிதாகவே நேர்ந்தது. பன்மைக்கு இருக்கும் கவர்ச்சி ஒருமைக்கு இல்லை. 'எஸ்' என்னும் அடையாளத்தைத் தாங்கி வருவதால் பன்மை மனத்தில் அழுத்தமாகப் பதிகிறது என்றும், அடையாளம் ஏதுமற்ற ஒருமை அவ்வாறு பதிவதில்லை என்றும் இதற்குக் காரணம் கூறுவர். ராண்டால்ஃப் குவெர்க் முதலிய நால்வர் 1985-இல் வெளியிட்ட பேரிலக்கணம், இலக்கணப்படி இயைதல், பொருள்படி இயைதல், அண்மையால் இயைதல் என்று மூன்று சக்திகளைப் பிரித்துக் காட்டுகிறது. அறிவிப்புப் பலகையில் நாம் கண்டது மூன்றாவது சக்தியின் வேலை.

பொருள்படி இயைதல் என்ற இரண்டாவதுதான் கற்போரைப் பெரிதும் வருத்துவது. 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ் ஸ்மால்' என்பது சரி. 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர் ஆப்சென்ட்' என்பதும் சரி. 'தி' என்பதற்குப் பதிலாக 'எ' வந்த மாத்திரத்தில் வினை ஏன் மாறவேண்டும்? தமிழாக்கிப் பாருங்கள். முன்னது 'மாணவர்களின் எண்ணிக்கை குறைவு' என்றாகிறது, எண்ணிக்கையே எழுவாய். பின்னது 'பல மாணவர்கள் வரவில்லை' என்றாகி, 'எ நம்பர் ஆஃப்' முழுவதும் 'பல' என்ற ஒரே அடைமொழியாகக் கரைந்துபோக, மாணவர்களே எழுவாயாகி விடுகிறார்கள். 'ஆல் ஆஃப்', 'சம் ஆஃப்', 'மோஸ்ட் ஆஃப்', 'ஹாஃப் ஆஃப்' என்பனவும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. தமக்கென்று எண் இல்லாத இச்சொற்கள் பின்வரும் பெயரின் எண்ணையே ஏற்றுக்கொள்ளும். பாலானால் 'ஆல் ஆஃப் தி மில்க் இஸ்'; மாணவர்களானால் 'ஆல் ஆஃப் தி ஸ்டூடன்ட்ஸ் ஆர்'. 'நன் ஆஃப் தெம்' என்பதற்கு இரண்டு விதமான வினையும் செல்லும்.

நம்மவரிடம் மிகப் பரவலாகக் காணப்படும் பிழையோ இதற்கெல்லாம் நேர்மாறானது. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் இஸ் இன் மதுரை' என்பார்கள். வினை சரியாக இருக்க, பன்மையாக இருக்கவேண்டிய 'ஃப்ரெண்ட்ஸ்' ஒருமையாகிவிட்டது. 'என் ஃப்ரெண்டு ஒருத்தன் மதுரையில இருக்கான்' என்ற நம் பேச்சுவழக்கில் நண்பனும் ஒருமை, ஒருத்தனும் ஒருமை. அந்த அச்சிலேயே ஆங்கிலத்தையும் வார்க்கிறோம் என்று எண்ண இடமுண்டு. 'என் நண்பர்களில் ஒருவன்' என்ற எழுத்துத்தமிழை நினைத்துக்கொண்டால் பன்மை தானாகவே திரும்பி வந்துவிடும்.

இதைக் காட்டிலும் நுட்பமான ஓரிடம் உண்டு. 'ஹீ இஸ் ஒன் ஆஃப் தோஸ் டீச்சர்ஸ் ஹூ கம் ஆன் டைம்' என்ற வாக்கியத்தில் 'கம்' வரவேண்டுமா, 'கம்ஸ்' வரவேண்டுமா? மனிதர் ஒருவர்தானே என்று எண்ணிக் 'கம்ஸ்' என்று எழுதிவிடுவது ஆங்கிலேயரிடத்தும் சர்வசாதாரணம். 'நேரத்துக்கு வருகிற ஆசிரியர்களில் அவர் ஒருவர்' என்று தமிழில் சொல்லும்போது, 'வருகிற' என்பது 'ஆசிரியர்களில்' என்ற பன்மையைத் தழுவியிருப்பது கண்கூடாகத் தெரிகிறது. நேரத்துக்கு வருகிறவர்கள் பலர், அவர்களுள் இவரும் சேர்ந்தவர். எனவே 'ஹூ' என்பது 'டீச்சர்ஸ்' என்ற பன்மைக்கு உரியதாகிக் 'கம்' என்பதையே வேண்டி நிற்கிறது. 'ஒன்' என்பதற்கு முன்னே 'தி ஒன்லி' என்ற சொற்களைச் சேர்த்துவிட்டாலோ, நேரத்துக்கு வருகிறவர் அவர் ஒருவர்தான் என்று பொருள் திரும்பி, அதே இடத்தில் 'கம்ஸ்' வந்துவிடுகிறது.