பழைய ஜீப்பும் பழகிய கையும்

பழுதுபட்ட பொருளைச் செப்பனிட்டு ஆண்டது ஒரு காலம். பழுதுபட்டதை எறிந்துவிட்டுப் புதியதை வாங்குவது இக்காலம். கைக்கடிகாரம் முதல் கட்டில் வரை இந்நிலையே காணப்படுகிறது. இதற்கு விலக்காக, நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஓடித் தேய்ந்த ஜீப்பு வண்டிகளைத் தேடி வாங்கி, ஓய்வு நேரங்களில் தம் கையாலேயே கழற்றிப் பூட்டி, மீண்டும் மலையேறச் செய்யும் ஆர்வலர்கள் நம்மிடையே உளர். அவர்களுட் பலர் பொறியியல் கற்றவர் அல்லர். ஆசிரியர், வணிகர், உழவர், எழுத்தர் எனப் பல தொழிலினர். இதனை வீண் செலவு என்பாரும் உண்டு. ஆயினும் இப்பொழுதுபோக்கினுள் வரலாறும், இயற்பியலும், சட்டமும், மொழியும் அடங்கியுள்ளமையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

வண்டிகளின் வரலாறு

நான்கு சக்கரங்களும் எஞ்சினின் ஆற்றலைப் பெற்று இழுக்கும் சிறு வண்டி ஒன்று வேண்டுமென 1940ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைத்துறை அறிவித்தது. முதல் மாதிரி வண்டியைச் செய்து முடிக்க அது அளித்த காலம் 49 நாள்களே. பான்டம் என்னும் சிறு நிறுவனம் அவ்வாண்டு செப்டம்பரில் அதனைச் செய்து காட்டியது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் பெருமளவில் உருவாக்கின. 2.2 லிட்டர் கொள்ளளவும் 60 குதிரைத்திறனும் கொண்ட வில்லிஸ் எஞ்சின் அவ்வண்டிக்கு உயிராய் விளங்கியது. போர் முடியுமுன் 6 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகள் உருவாயின. போருக்குப்பின் அதே கருத்தைத் தழுவி இங்கிலாந்தில் லேண்ட் ரோவர் எழுந்தது. 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது முதன்முதல் காட்டப்பட்டது. அந்நாளில் எஃகுக்குத் தட்டுப்பாடு நிலவியதால் அதன் மேற்கூடு அலுமினியக் கலவையால் ஆயிற்று. அதனாலேயே பழைய லேண்ட் ரோவர்களின் மேற்கூடு எளிதில் துருவேறுவதில்லை. கீழுள்ள எஃகுச் சட்டமே துருவுக்கு இரையாகிறது.

இந்தியாவிற்கு ஜீப்பு வந்த வரலாறும் சுவையானது. ஜே. சி. மகிந்திரா, கே. சி. மகிந்திரா என்னும் உடன்பிறந்தாரும் மாலிக் குலாம் முகம்மது என்பாரும் இணைந்து 1945இல் 'மகிந்திரா அண்ட் முகம்மது' என்னும் எஃகு வணிக நிறுவனத்தைத் தொடங்கினர். நாட்டுப் பிரிவினைக்குப்பின் குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகவும், 1951 முதல் அதன் கவர்னர் ஜெனரலாகவும் பதவி வகித்தார். 1948இல் நிறுவனத்தின் பெயர் 'மகிந்திரா அண்ட் மகிந்திரா' ஆயிற்று. முன்னெழுத்துகள் மட்டும் மாறாமல் நின்றன. அந்நிறுவனமே பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கி, பின்னர்ப் பல பத்தாண்டுகள் இங்கேயே உருவாக்கியும் வந்தது. 1985இல் மாருதி நிறுவனம் 970 சி.சி. எஞ்சின் கொண்ட ஜிப்சியை அறிமுகப்படுத்தியது. 1996இல் அதற்கு 1.3 லிட்டர் எஞ்சின் வந்தது.

நம் மாநிலத்தில் வட்டார வளர்ச்சி அலுவலகம், காவல்துறை, வனத்துறை, நீலகிரி, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்கள் எனப் பல இடங்களில் இவ்வண்டிகள் உழைத்தன. உழைத்து ஓய்ந்தவை ஏலத்திற்கு வந்தன. இன்று ஆர்வலர் கைகளில் உள்ளவற்றுட் பல அவ்வழி வந்தவையே.

நான்கு சக்கரமும் இழுப்பது எவ்வாறு?

இயல்பான கியர்ப் பெட்டிக்குப் பின்னால் 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' என்னும் இன்னொரு பெட்டி இவ்வண்டிகளில் உண்டு. அது எஞ்சினின் ஆற்றலை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்தளிக்கிறது. ஓட்டுநரின் அருகே இதற்கெனத் தனி நெம்புகோல் இருக்கும். வேண்டும்போது முன் அச்சை இணைக்கலாம்; வேண்டாதபோது விடுவிக்கலாம். 'லோ' நிலையில் சக்கரத்தின் வேகம் குறைந்து இழுவிசை மிகும். செங்குத்தான மேட்டில் எஞ்சின் திணறாமல் ஏறுவதும், இறக்கத்தில் பிரேக்கை மிகுதியாக நம்பாமல் மெல்ல இறங்குவதும் இதனால் கைகூடுகின்றன.

இவ்வண்டிகளைத் தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டலாகாது என்று மூத்த மிஸ்திரிகள் கண்டிப்பாகக் கூறுவர். காரணம் வருமாறு: வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் செல்கின்றன. ஆகவே முன் சக்கரங்கள் சற்று மிகுதியாகச் சுழலவேண்டும். ஆனால் பழைய டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டு அச்சுகளையும் ஒரே வேகத்தில் சுழலுமாறு பிணைத்துவிடுகிறது. மணலிலும் சேற்றிலும் டயர் சற்றே வழுக்கி அம்முறுக்கைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க வழியில்லை. முறுக்கம் ஏறிக்கொண்டே போய் ஸ்டியரிங் கனக்கும். நெம்புகோல் கழலாது இறுகும். இறுதியில் பற்சக்கரம் உடையவும் கூடும். விதியை மனப்பாடம் செய்தவனுக்கும் காரணத்தை அறிந்தவனுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது.

செப்பனிடும் முறை

பழைய வண்டி வாங்கியவுடன் பலரது மனம் முதலில் நாடுவது வண்ணப்பூச்சையே. அஃது இறுதியில் செய்யவேண்டியது. அடிச்சட்டம், பிரேக், ஸ்டியரிங், எஞ்சின், மின்கம்பிகள், வண்ணம் என்னும் வரிசையே ஏற்றது. உயிரைக் காப்பவை முதலில். கண்ணைக் கவர்வது பின்னர்.

அடிச்சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தல் வேண்டும். நல்ல எஃகு கணீரென ஒலிக்கும். உட்புறம் துரு தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும். நீர் தேங்கும் மூலைகளிலும், கமான் பட்டைகளைத் தாங்கும் பகுதிகளிலும் கூர்ந்து நோக்குதல் வேண்டும். துருவின்மேல் வண்ணம் பூசுதல் நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதன்று.

பழைய ஜீப்புகளின் பிரேக் அமைப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய் வழி உண்டு. எங்கேனும் ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு பிரேக்குகளும் ஒருங்கே செயலிழக்கும். இதனை நீக்க, இரண்டு தனி வழிகள் கொண்ட மாஸ்டர் சிலிண்டரை முறையாகப் பொருத்துவோர் உண்டு. மாற்றங்களுள் மிக இன்றியமையாதது இதுவே எனலாம். மேலும், டிரம் பிரேக் நீரில் நனைந்தால் பிடிக்காது. ஓடையைக் கடந்தபின் பெடலை மெல்ல அழுத்தியவாறு சிறிது தொலைவு ஓட்டி அதனை உலர்த்துதல் மரபு.

எஞ்சினின் நலத்தை அறிய அழுத்தச் சோதனை உதவும். நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டவேண்டும். பெட்ரோல் எஞ்சினில் ஒன்று குறைந்தால், ஸ்பார்க் பிளக் துளை வழியே சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கவேண்டும். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துள்ளன என்பதும், உயராவிடில் பெரும்பாலும் வால்வுகளில் குறை என்பதும் புலனாகும். நாடி பார்த்து நோய் அறியும் மருத்துவரின் முறை இது.

எரிபொருளும் மாறிவிட்டது. 2000ஆம் ஆண்டளவில் ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் ஒழிந்தது. மென்மையான வால்வு இருக்கைகளைக் கொண்ட பழைய எஞ்சின்களுக்குக் கடினமாக்கப்பட்ட இருக்கைகளைப் பொருத்தவேண்டியதாயிற்று. 2025இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் கெடுக்கும். ஆகவே அதனைத் தாங்கும் குழாய்களாக மாற்றுதல் நலம். ஒழுகும் பெட்ரோல் நெருப்புக்கு அழைப்பாகும்.

தாமே வேலை செய்வோர் மறவாது போற்றவேண்டிய விதிகள் மூன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் நுழையலாகாது. உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே நுழையவேண்டும். வெல்டிங் செய்யுமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றவேண்டும். காலியான பெட்ரோல் டாங்கில் ஆவி நிறைந்திருக்குமாதலின் அதனை வீட்டில் வெல்டிங் செய்ய முற்படவே கூடாது.

மாற்றம் எது, சிதைவு எது?

செப்பனிடுதல் வேறு, மாற்றியமைத்தல் வேறு. முன்னது வண்டியை அதன் பழைய நிலைக்கு மீட்பது. பின்னது அதனை இன்னொன்றாக்குவது. பெரிய டயர், உயர்த்திய கமான், வேறு எஞ்சின் ஆகியன இளைஞர்கள் பெரிதும் விரும்பும் மாற்றங்கள். இவற்றின் விளைவுகளைக் கணக்கிட்டே இறங்கவேண்டும்.

எடுத்துக்காட்டாக, 28 அங்குல விட்டமுள்ள டயரை நீக்கி 32 அங்குல டயரைப் பூட்டுவதாகக் கொள்வோம். சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தொலைவு ஏழில் ஒரு பங்கு கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் 70 கி.மீ. என்று காட்டும்போது வண்டி உண்மையில் 80 கி.மீ. வேகத்தில் செல்லும். பிரேக் டிரம் அதே டிரம்தான். ஆனால் சக்கரத்தின் ஆரம் நீண்டதால், அதே அழுத்தத்திற்குச் சாலையில் கிடைக்கும் நிறுத்துவிசை எட்டில் ஒரு பங்கு குறைகிறது. வேகம் கூடியிருப்பதை ஓட்டுநர் அறியார். நிறுத்தும் ஆற்றல் குறைந்திருப்பதையும் அறியார். இவ்விரண்டும் கூடும் இடமே விபத்து. அவ்விபத்தில் அடிபடுவோர் வண்டியில் இருப்போர் மட்டுமல்லர். சாலையோரம் நடந்துசெல்லும் பள்ளிச் சிறுவனும் ஆகலாம்.

கமானை உயர்த்தினால் வண்டியின் ஈர்ப்புமையம் மேலேறும். வளைவில் கவிழும் வாய்ப்பு மிகும். புரொப்பெல்லர் தண்டின் கோணம் கூடி அதன் இணைப்புகள் விரைவில் தேயும். பிரேக் குழாய் நீளம் போதாமல் இழுபட்டு அறும். ஒன்றை மாற்றினால் ஒன்பதைச் சரிபார்க்க வேண்டும் என்பது பட்டறை அறிவு.

மாற்றம் யாவும் தீது என்பதும் பொருந்தாது. தார்ஜிலிங் மலையில் மானேபஞ்சாங் என்னும் சிற்றூரிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவுக்கு 1950களில் உருவான லேண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகளாகப் பயணிகளை ஏற்றிச் சென்றன. அவற்றுட் பலவற்றில் பழைய எஞ்சின் நீங்கி இந்தியாவில் கிடைக்கும் டீசல் எஞ்சின் அமர்ந்தது. உதிரிப்பாகம் கிட்டாத மலையூரில் அந்த மாற்றமே அவ்வண்டிகளை வாழவைத்தது. தேவையிலிருந்து பிறந்த மாற்றம் அது. பகட்டிலிருந்து பிறப்பது வேறு.

சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் மூல அமைப்புக்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. எஞ்சின் மாற்றம் போன்றவற்றிற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் இன்றியமையாதது. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதி ஆய்வு செய்து புதுப்பிக்க வேண்டும். 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் குலையாத வண்டிகளைப் பழம்பெரும் ஊர்திகளாகப் பதிவு செய்யும் விதிகளை 2021இல் நடுவண் அரசு வெளியிட்டது. மூல வடிவைக் காத்தவருக்கே அப்பெருமை கிட்டும் என்பது குறிப்பிடத்தக்கது.

பட்டறையும் தமிழும்

தமிழ்த்துறை மலரில் ஜீப்புக்கு என்ன இடம் என வினவலாம். பட்டறை ஒரு சொற்களஞ்சியம் என்பதே நம் விடை. கமான் என்பது வில்லைக் குறிக்கும் பாரசீகச் சொல். வில்போல் வளைந்த எஃகுப் பட்டைக்கு அது பெயராயிற்று. மிஸ்திரி என்னும் சொல், ஆசானைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லின் வழிவந்தது. உபரிச் சக்கரத்தை நாம் 'ஸ்டெப்னி' என்கிறோம்; அது வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவில் தொழில் செய்த நிறுவனத்தின் பெயர். இவற்றோடு திருப்புளி, குறடு, சாணை, உளி எனும் தமிழ்ச் சொற்களும் அங்கே கலந்து வழங்குகின்றன. பல நாட்டுச் சொற்கள் ஒரு கருவிப்பெட்டியில் பகையின்றி வாழ்கின்றன.

ஆனால் இச்சொற்களையும், சொற்களோடு கூடிய கைத்திறனையும் உடைய மூத்த மிஸ்திரிகள் குறைந்து வருகின்றனர். ஒலியைக் கேட்டே பழுதின் இடத்தைச் சொல்லும் அறிவு எந்நூலிலும் எழுதப்படவில்லை. புதிய வண்டிகளில் கணினியே பழுதை அறிவிப்பதால் அவ்வறிவைக் கற்க வருவோரும் அரியர். ஒரு மிஸ்திரி மறையும்போது, அச்சேறாத ஒரு நூல் அவரோடு மறைகிறது. பழைய வண்டியைச் செப்பனிடும் ஆர்வலர் அந்நூலின் சில பக்கங்களையேனும் கையால் படியெடுத்துக் கொள்கிறார்.

ஆகவே மாணவர்களுக்கு நாம் கூற விழைவது இதுவே. வண்டி வாங்க வசதி வேண்டும் என்பதில்லை. விடுமுறையில் அருகிலுள்ள பட்டறைக்குச் செல்லுங்கள். மூத்த மிஸ்திரியிடம் பணிவோடு அமர்ந்து, ஒவ்வோர் உறுப்பின் பெயரையும், அதன் வேலையையும், அது கெடும் விதத்தையும் கேட்டுக் குறித்து வாருங்கள். அக்குறிப்பேடு தமிழுக்கும் பயன்படும், தொழிலுக்கும் பயன்படும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். கறிச் சுரைக்காயை ஏட்டில் ஏற்றும் கடமை படித்தவர்களாகிய நம்முடையது.