பிள்ளை சாப்பிட மாட்டேங்குது: கைக்குழந்தைக்கு எவ்வளவு உணவு போதும்?

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்காகத் தாய்சேய் கிளினிக்கிற்கு வரும் குடும்பங்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. எடை பார்த்து முடிந்ததும், தாய் வாய் திறப்பதற்குள் பாட்டி முந்திக்கொள்வார். "மிஸ்ஸி, பிள்ளை ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குது. நாலு வாய்க்கு மேல துப்பிடுது." பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு மங்கு கஞ்சியைக் காலி செய்கிறது என்ற பேச்சும் கூடவே வரும். தாய் ஏதோ குற்றம் செய்தவர்போல் தலைகுனிந்து நிற்பார்.

இப்படிப்பட்ட நேரத்தில் அனுபவமுள்ள தாதி முதலில் கேட்பது, குழந்தை எவ்வளவு சாப்பிடுகிறது என்பதை அல்ல. "என்ன கஞ்சி கொடுக்கிறீங்க? கெட்டியா, தண்ணியா? அதில என்னென்ன போடுறீங்க?" என்றுதான். அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. மங்கில் எவ்வளவு மீந்தது என்பதைவிட, வயிற்றுக்குள் போன நாலு வாயில் என்ன இருந்தது என்பதே முக்கியம்.

வயதுக்கேற்ற அளவு

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பின் திட உணவைத் தொடங்கி, இரண்டு வயதுவரை தாய்ப்பாலையும் தொடரலாம். நம் நாட்டுச் சுகாதார அமைச்சும் இதையே பரிந்துரைக்கிறது. அளவைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் கணக்கு எளிமையானது.

ஆறு மாதம் முடிந்து தொடங்கும்போது ஒரு வேளைக்கு 2 முதல் 3 மேசைக்கரண்டி உணவு, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. அதை மெல்ல மெல்லக் கூட்டி, எட்டு மாதம் முடிவதற்குள் 250 மில்லிலிட்டர் கப்பில் பாதி அளவுக்குக் கொண்டு வரலாம்.

9 முதல் 11 மாதம் வரை வேளைக்கு அதே அரைக் கப், நாளுக்கு மூன்று நான்கு வேளை. இடையில் ஒரு துண்டு வாழைப்பழமோ அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கோ கொடுக்கலாம்.

ஒரு வயது முடிந்தபின் வேளைக்கு முக்கால் கப் முதல் ஒரு கப் வரை, மூன்று நான்கு வேளை. கூடவே ஒன்றிரண்டு சிற்றுணவு.

அரைக் கப் என்பது ஏறக்குறைய 8 மேசைக்கரண்டிதான். ஒன்பது மாதக் குழந்தைக்குப் பெரியவர்கள் சோறு சாப்பிடும் மங்கு நிறைய கஞ்சி ஊற்றிவிட்டு, பாதி மீந்துவிட்டதே என்று கவலைப்படுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அந்தக் குழந்தை தனக்கு வேண்டியதை அநேகமாகச் சாப்பிட்டு முடித்திருக்கும்.

இந்த அளவுகள் வெறும் வழிகாட்டிதான். நிறையத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தை கொஞ்சம் குறைவாகச் சாப்பிடலாம். பல் முளைக்கும்போதும் சளி பிடித்திருக்கும்போதும் இரண்டு நாள் குறையும், பிறகு கூடும்.

சின்ன வயிறு, தண்ணீர்க் கஞ்சி

கைக்குழந்தையின் வயிறு, ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 30 கிராம் உணவைத்தான் ஒரு நேரத்தில் கொள்ளும். எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது ஏறக்குறைய ஒரு கப். அதைத் தண்ணீர்க் கஞ்சியால் நிரப்பிவிட்டால் வயிறு நிறையும், சத்து சேராது. குழந்தை சமர்த்தாக மங்கைக் காலி செய்தும் எடை ஏறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் காலத்தில் தோட்டங்களில் விடியும் முன்னே பால்மரம் வெட்டப் போன தாய்மார்கள் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார்கள். பல பிள்ளைகளை ஒருவரே கவனிக்கும் இடத்தில், தண்ணீராய் இருக்கும் கஞ்சி சீக்கிரம் இறங்கும். இன்று தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகும் தாயும் பிள்ளையைத் தாஸ்காவிலோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ விட்டுத்தான் போகிறார். பால் போத்தலில் கஞ்சியைக் கரைத்து ஊற்றும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. இது வேண்டாம். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் சட்டென்று வழிந்தோடாமல் நிற்க வேண்டும். அதுதான் சரியான பதம்.

சமையல் சிரமமில்லை. இரண்டு மேசைக்கரண்டி அரிசி, ஒரு மேசைக்கரண்டி மைசூர் பருப்பு, ஒரு துண்டு பூசணி அல்லது கேரட் ஆகியவற்றைக் குழைய வேகவைக்கலாம். இறக்கும் முன் பொடியாக நறுக்கிய கீரையைச் சேர்த்து, முள் நீக்கிய மீனையோ அவித்த முட்டையையோ போட்டு மசித்துக்கொள்ளலாம். கடைசியில் ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய். அந்த ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சுமார் 40 கலோரி இருக்கிறது. கஞ்சியின் அளவைக் கூட்டாமலே சத்தைக் கூட்டும் வழி இது. மிக்சியில் கூழாக அரைக்க வேண்டியதில்லை. கரண்டியால் மசித்தாலே போதும். எட்டு மாதத்தில் கையில் பிடித்துத் தின்னும்படி மெத்தென்ற துண்டுகளையும், ஒரு வயதில் உப்பும் காரமும் சேர்க்குமுன் தனியாக எடுத்த வீட்டுச் சாப்பாட்டையும் கொடுக்கலாம்.

இரும்புச்சத்தை மறக்க வேண்டாம்

தாயின் வயிற்றில் இருந்தபோது சேர்த்துவைத்த இரும்புச்சத்து ஆறு மாத வாக்கில் கரையத் தொடங்குகிறது. தாய்ப்பாலில் இரும்பு குறைவு. அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரைப்படி 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் இரும்பு தேவை. வளர்ந்த ஆணுக்கு 8 மில்லிகிராம் போதும். வெள்ளைக் கஞ்சியும் கேரட்டும் மட்டும் இந்தத் தேவையை நிரப்பாது.

கோழி, மீன், முட்டை, வாரத்தில் ஒரு நாள் சிறிதளவு கோழி ஈரல் ஆகியவை நல்லவை. நெத்திலியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, உப்பை நீக்கி, வறுத்துப் பொடித்தும் கலக்கலாம். சைவக் குடும்பங்கள் பருப்பு, தவ்பு, கீரையோடு பப்பாளி, ஆரஞ்சு, தக்காளி போன்றவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் இரும்பு உடலில் நன்றாகச் சேரும். இரும்பு சேர்த்த குழந்தை உணவும் உதவும். தேநீர் வேண்டாம், அது இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். முட்டை, மீன், வேர்க்கடலைப் பசை போன்றவற்றை ஒரு வயதுவரை தள்ளிப்போட வேண்டியதில்லை. கடும் தோல் அரிப்பு உள்ள குழந்தையென்றால் மட்டும் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது. உப்பும் சீனியும் தேவையில்லை. டின்னில் வரும் இனிப்புப் பால் குழந்தைக்கான பாலே அல்ல. முழு வேர்க்கடலை, முழு திராட்சை தொண்டையில் அடைக்கும்.

ஊட்டுவது பெரியவர், போதும் என்பது பிள்ளை

என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யலாம். எவ்வளவு என்பதைப் பிள்ளைதான் சொல்லும். கரண்டியைப் பார்த்து முன்னால் சாய்ந்து வாயைத் திறந்தால் பசி இருக்கிறது. முகத்தைத் திருப்புவது, வாயை இறுக்கி மூடுவது, கரண்டியைத் தட்டிவிடுவது எல்லாம் போதும் என்ற பேச்சுதான். மூக்கைப் பிடித்தோ காலில் கிடத்தியோ ஊற்றினால் புரையேறும். சாப்பாட்டைக் கண்டாலே அழும் பழக்கமும் வந்துவிடும். கைப்பேசியில் பாட்டுப் போட்டு ஊட்டினால், தனக்கு வயிறு நிறைந்தது பிள்ளைக்கே தெரியாமல் போகும்.

புதிய உணவை முதல் முறை துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பல குழந்தைகளுக்கு ஒரு சுவை பழக எட்டுப் பத்து முறை ஆகும். அரை மணி நேரத்தில் எடுத்து வைத்துவிட்டு, அடுத்த வேளைக்கு மறுபடியும் கொடுத்துப் பார்க்கலாம்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

அடுத்த வீட்டுப் பிள்ளையின் மங்கு அளவுகோல் ஆகாது. கிளினிக்கில் கொடுத்த குழந்தைப் பதிவுப் புத்தகத்தில் உள்ள வளர்ச்சிக் கோடுதான் அளவுகோல். ஆறு மாதத்துக்குப் பிறகு எடை ஏறும் வேகம் இயல்பாகவே குறையும். பிறந்த எடை ஒரு வயதில் ஏறக்குறைய மூன்று மடங்காகும். புள்ளிகள் தன் கோட்டை ஒட்டியே மேலே போனால், நாலு வாய் சாப்பிடும் பிள்ளையும் நன்றாகத்தான் வளர்கிறது.

கோடு படுத்துவிட்டாலோ கீழே இறங்கினாலோ அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் புரையேறுவது, சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுப்பது, சிறுநீர் குறைவது, சோர்ந்து கிடப்பது, வெளிறிப்போவது ஆகியவையும் மருத்துவர் பார்க்க வேண்டியவை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட மலேசியக் குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் எனத் தெரியவந்தது. ஐந்தில் ஒரு குழந்தை. திட உணவு தொடங்கி இரண்டு வயது முடியும்வரை உள்ள காலம், இந்தக் குறையைத் தடுக்கப் பெரிதும் உதவும் காலம்.

அடுத்த முறை கிளினிக்கிற்குப் போகும்போது பாட்டியும் தாயும் அந்தப் புத்தகத்தைத் திறந்து தாதியோடு சேர்ந்து கோட்டைப் பார்க்கலாம். கோடு சரியாக இருந்தால் பிள்ளையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. சரியில்லை என்றாலும் தாயைக் குறை சொல்வதால் எடை ஏறப்போவதில்லை. கஞ்சியைக் கெட்டியாக்கி, அதில் ஒரு முட்டையைச் சேர்ப்பதிலிருந்து தொடங்கலாம்.